கட்டாயமில்லாத பாஸ்: கஷ்டமா, அநியாயமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புளோக் கீழே கூடினாலும் சரி, தேசிய சேவை (என்எஸ்) முகாமிலிருந்து வெளியே வந்ததும் வாட்ஸ்அப்பைத் திறந்தாலும் சரி, ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாக நின்று கதையோடு ஆடிப் போகும் வீடியோ கேம்) ஆடுகிறவர்களிடமிருந்து வருவது இந்தச் சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறோம். பாஸ், அதாவது பெரிய எதிரிகளின் பெயர்களும் சில சூட்சுமங்களும் பதில்களில் வெளிப்படும். தானாகக் கண்டுபிடிக்க விரும்புகிறவர்கள் 8, 9 ஆகிய கேள்விகளைத் தாண்டிப் போகலாம்.

1. ஆப்ஷனல் பாஸ்னா எது? சைடு குவெஸ்ட்ல வர்றது எல்லாமே அதுதானா?

அதைத் தொடாமலேயே கடைசிக் காட்சி வரை போக முடிந்தால் அது ஆப்ஷனல். எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பதெல்லாம் கணக்கில் வராது. எல்டன் ரிங்கில் மலேனியாவைப் பார்க்காமலே ஆட்டத்தை முடிக்கலாம், ஏன், ராடானைக்கூட விட்டுவிட்டுப் போகலாம். இரண்டு பேரும் விளம்பரத்தில் பெரிதாக வந்ததால் கட்டாயம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

கதையின் கடைசி பாஸைவிடக் கடினமாகச் செய்யப்பட்ட ஆப்ஷனலைத்தான் சூப்பர் பாஸ் என்கிறோம். இது பழைய வழக்கம். 1987இல் வந்த முதல் ஃபைனல் ஃபேன்டசியில் வார்மெக் இருந்தது. 1992இன் ஐந்தாம் பாகத்தில் ஒமேகாவும் ஷின்ரியூவும் வந்தன. ஏழாம் பாகத்தின் எமரல்ட் வெப்பன், ரூபி வெப்பன் இரண்டும் 1997 தொடக்கத்தில் ஜப்பானில் வெளியான முதல் பதிப்பில் கிடையாது. அதே ஆண்டு வெளிநாட்டுப் பதிப்புக்காகச் சேர்த்தார்கள்.

2. கஷ்டம்னா என்ன, அன்ஃபேர்னா என்ன? எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.

செத்துக் கிடக்கும்போது இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். பத்து நிமிடம் கழித்து மூன்று விஷயத்தைக் கேட்டுப் பாருங்கள். என்னைக் கொன்ற அடி வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஏதாவது அடையாளம் இருந்ததா? தெரிந்திருந்தால், என் கையில் இருந்ததை வைத்து ஏதாவது செய்திருக்க முடியுமா? மறுபடி அந்த இடத்துக்கு வர எவ்வளவு நேரம் போகிறது? மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் அது வெறும் கஷ்டம். முதல் இரண்டில் ஒன்று அடிபட்டாலும் அநியாயம். மூன்றாவது மட்டும் மோசமென்றால் அதை அநியாயம் என்பதைவிட அலட்சியம் என்று சொல்லலாம்.

நல்ல உதாரணம்: பால்டர்ஸ் கேட் 3இல் வைர்ம்ஸ் ராக் கோட்டைக்கு அடியில் இருக்கும் ஆன்சுர். அவனுடைய மிகப் பெரிய மின்னல் தாக்குதல் ஒரு சுற்று முன்பே திரளத் தொடங்கிவிடும். அந்த ஒரு சுற்றுக்குள் மறைவிடம் தேடி ஒளிந்துகொண்டால் பிழைக்கலாம். கெட்ட உதாரணம்: ஃபைனல் ஃபேன்டசி 5இன் ஷின்ரியூ ஒரு புதையல் பெட்டிக்குள் இருக்கிறது. மற்ற பெட்டிகளைப் போலவே இருக்கும் பெட்டி. திறந்தவுடன் பேரலை அடித்து ஆளையே வாரிக்கொண்டு போகும். தண்ணீரை உறிஞ்சும் பவள மோதிரத்தை எல்லாரும் போட்டிருந்தால் அதே அலை உங்களுக்கு மருந்தாகிவிடும். வழி இருக்கிறது, அடையாளம்தான் இல்லை. அதே ஆட்டத்தில் ஒமேகாவோ கண்ணெதிரே உலாவிக்கொண்டிருக்கும். மோதினால் அது நம்முடைய முடிவு.

3. பிடிக்கலன்னா விட்டுட்டுப் போக வேண்டியதுதானே? ஆப்ஷனல்னு ஆன பிறகு என்ன ஃபேர், அன்ஃபேர்?

பாதி சரி. கட்டாய பாஸுக்கு அனுமதிக்க முடியாத கடுமையை ஆப்ஷனல் பாஸுக்கு அனுமதிக்கலாம். ஆனால் "விட்டுட்டுப் போ" என்பது உண்மையிலேயே இலவசமாக இருக்க வேண்டும். ஃபைனல் ஃபேன்டசி 10இன் சர்வதேசப் பதிப்பிலும், அதிலிருந்து வந்த எச்டி ரீமாஸ்டரிலும் ஒரு கட்டத்துக்குப் பிறகு பெசெய்டு ஊர் வாசலில் டார்க் வேலிஃபோர் என்ற பாஸ் வந்து நின்றுவிடும். அந்த ஊர்க் கோயிலில் எடுக்க வேண்டிய ஒரு பொருளை முன்பே எடுக்காமல் விட்டிருந்தால், அதை வீழ்த்தாமல் உள்ளே போக முடியாது. அந்தப் பொருள் இல்லாமல் அனிமா என்ற துணையும் கிடைக்காது. பெயருக்குத்தான் ஆப்ஷனல். உண்மையில் வேறொன்றைப் பிணையாகப் பிடித்து வைத்திருக்கிறது.

அதனால் 2ஆம் பதிலின் மூன்றோடு நான்காவதாக இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: விலகிப் போனால் எதை இழக்கிறேன்? ஒரு கோப்பை, ஒரு ஆயுதம் என்றால் பரவாயில்லை. ஒரு கதாபாத்திரத்தின் கதையையே இழக்கிறோம் என்றால் புகார் சொல்ல உரிமை உண்டு.

4. லெவல் ஏத்திக்கிட்டே இருந்தா எந்த பாஸும் ஒருநாள் விழும்ல?

இல்லை. முதலில் அது எந்த வகை என்று பார்க்க வேண்டும். செனோபிளேடு குரோனிக்கல்ஸில் லெவல் வித்தியாசம்தான் எல்லாம். காவுர் சமவெளியில் ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே 81ஆம் லெவல் குரங்கு ஒன்று உலாவும். அப்போது நீங்கள் அடிக்கும் அடி அதன் மேல் படக்கூடப் படாது. அங்கே லெவல் ஏற்றுவதுதான் பதில், அதுவும் நாற்பது ஐம்பது மணி நேரம் கழித்து.

இரண்டாம் வகையில் லெவல் உதவாது. சில சமயம் கெடுக்கும். ஃபைனல் ஃபேன்டசி 8இன் ஒமேகா வெப்பன் சண்டையைத் தொடங்குவதே, 5ஆல் வகுபடும் லெவலில் இருப்பவர்களைக் கொல்லும் மந்திரத்தோடுதான். பாடுபட்டு 100 வரை ஏற்றியவர் முதல் நொடியிலேயே விழுவார். உடல்நிலைத் தற்காப்பில் டெத் மந்திரத்தைப் பூட்டியிருந்தால் தப்பலாம். அடுத்து வரும் மெகிடோ ஃபிளேம் எல்லாரையும் 9,998 அடிக்கும். தற்காப்பு எவ்வளவு இருந்தாலும் எண் குறையாது, 9,999 உயிர் இருந்தால் 1 மிஞ்சும். தாக்குதல்களின் வரிசை மாறாது என்பதால் இதைச் சண்டை என்பதைவிடக் கேள்வித்தாள் என்று சொல்லலாம்.

மூன்றாம் வகை, கைப்பழக்கம் கேட்பது. எல்டன் ரிங், செகிரோ, கிளேர் ஆப்ஸ்கியூர் எல்லாம் இதில் வரும். லெவல் உங்களுக்கு வாங்கித் தருவது பிழை செய்யும் இடம் மட்டும்தான். எல்டன் ரிங்கில் உயிரின் அளவைக் கூட்டும் விகர் 40 என்றால் 1,450 உயிர், 60 என்றால் 1,900. ஓர் அடி கூடுதலாகத் தாங்கலாம். அடியைத் தவிர்ப்பது உங்கள் விரல்தான்.

5. முப்பது தடவை செத்தாச்சு. இன்னும் அதே இடம். எப்படித்தான் பழகுறது?

முதல் ஐந்து முயற்சிகளில் அடிக்கவே அடிக்காதீர்கள். உயிரோடு இருப்பது மட்டும் குறிக்கோள். ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: தாக்குதல் (பெயர் தெரியாவிட்டால் "வலது கை வீச்சு" போதும்), அதற்கு முன் வரும் அசைவு அல்லது சத்தம், தப்பிக்கும் திசை, முடிந்தபின் எத்தனை அடி போட நேரம் இருக்கிறது. பெரும்பாலான பாஸுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வரிக்குள் அடங்கிவிடும்.

அடுத்து, செத்ததும் உடனே மறுபடி ஓடாதீர்கள். எந்த வரியில் செத்தோம் என்று ஒரு கோடு போடுங்கள். பத்து முயற்சிக்குப் பிறகு கோடுகளில் பெரும்பகுதி ஒன்றிரண்டு வரியில்தான் குவிந்திருக்கும். அந்த ஒன்றை மட்டும் பழகினால் போதும். எதில் செத்தோம் என்றே தெரியாவிட்டால் பதிவைப் பாருங்கள். பிஎஸ்5இல் கிரியேட் பட்டன் முன்பு நடந்ததைச் சேமித்துத் தரும், ஸ்விட்ச்சில் படம்பிடிக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தால் கடைசி 30 விநாடி கிடைக்கும்.

பேராசைதான் அதிகம் கொல்கிறது. இரண்டு அடிக்கு இடம் இருக்கும் இடத்தில் மூன்றாவதைப் போடப் போய்ச் சாவது. தாளில் "2" என்று எழுதியிருந்தால் 2தான். பாஸின் உயிர் ஒரு கோடாகக் குறைந்திருக்கும்போதும் 2தான். அந்தக் கடைசி நேரத்தில்தான் கை தன் இஷ்டத்துக்குப் போகும்.

6. நான் ஒழுங்காத்தான் ஆடுறேன். ஆனா சண்டை நீளமா இருந்தா கடைசியில போயிடுது. என் தப்பா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு தாக்குதலையும் 98 விழுக்காடு சரியாகத் தவிர்க்கிறீர்கள் என்று வையுங்கள். நல்ல ஆட்டக்காரர்தான். 20 தாக்குதல் உள்ள சண்டையை ஓர் அடிகூட வாங்காமல் முடிக்க உங்களுக்கு 67 விழுக்காடு வாய்ப்பு. 60 தாக்குதல் என்றால் அதே ஆளுக்கு 30 விழுக்காடு. பாஸ் கடினமாகவில்லை, நீண்டிருக்கிறது. அவ்வளவுதான்.

அதனால் ஓரடிச் சாவும் நீண்ட சண்டையும் ஒன்றாகச் சேர்வதைத்தான் நாங்கள் மோசமான வடிவமைப்பு என்கிறோம். தனித்தனியாக இரண்டும் சரி. ஆட்டக்காரர் செய்யக்கூடியது சண்டையைச் சுருக்குவது. ஆயுதத்தை முழுசாக மேம்படுத்துங்கள். எல்டன் ரிங்கில் சாதாரண ஆயுதம் +25 வரை, சிறப்பு ஆயுதம் +10 வரை போகும். +18 வாளோடு போய் "அன்ஃபேர்" என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர். 60 தாக்குதல் 40 ஆனால் 30 விழுக்காடு 45 ஆகிறது.

7. சரியான நேரத்துலதான் பேரி அமுக்குறேன், ஆனா பட்டுடுது. கேம்ல பக் இருக்கா?

முதலில் தொலைக்காட்சியைச் சந்தேகப்படுங்கள். பேரி என்பது எதிரியின் அடியைச் சரியான நொடியில் தட்டிவிடுவது. விநாடிக்கு 60 பிரேம் (படச்சட்டம்) ஓட்டத்தில் ஒரு பிரேம் 16.7 மில்லி விநாடி, 30 பிரேமில் 33.3. படத்தை மெருகேற்றும் வேலைகளை டிவி செய்துகொண்டிருந்தால் தாமதம் 50, 100 மில்லி விநாடி என்றுகூடப் போகும். அதாவது நீங்கள் பார்ப்பதே மூன்று முதல் ஆறு பிரேம் பழையது. டிவி அமைப்பில் கேம் மோடைப் போடுங்கள், அசைவை மென்மையாக்கும் வசதியை அணையுங்கள். புளூடூத் ஹெட்செட்டில் சத்தமும் தாமதிக்கும். சத்தத்தை வைத்துப் பேரி செய்பவர்கள் கம்பியுள்ளதைப் போட்டுப் பாருங்கள்.

எம்ஆர்டி ரயிலில் கையடக்கக் கருவியில் ஆடிப் பழகி, வீட்டில் பெரிய திரையில் தடுமாறுகிறவர்களுக்கும் இதுதான் காரணம். தொலைவிலிருந்து ஸ்ட்ரீம் செய்து ஆடுவதென்றால் ரயிலில் பேரி பழகவே வேண்டாம். சிக்னல் ஏறி இறங்கும்போது தாமதமும் மாறிக்கொண்டே இருக்கும், கை எதையும் கற்காது. தாமதத்தைச் சரிசெய்த பிறகும் பட்டால், பேரியை விட்டு டாட்ஜுக்கு, அதாவது அடியிலிருந்து விலகுவதற்கு மாறுங்கள். கிளேர் ஆப்ஸ்கியூரில் டாட்ஜுக்குத் தரும் நேரம் பேரியைவிடத் தாராளம். அதில் தாக்குதலின் தாளத்தைக் கற்ற பிறகு பேரிக்குப் போகலாம்.

8. ரகசிய ரூல் வச்சிருக்கிற பாஸ் எல்லாம் ஏமாத்து வேலைதானே?

எமரல்ட் வெப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். உயிர் 10 லட்சம், கடலடியில் சண்டை, 20 நிமிடக் கெடு. அதாவது விநாடிக்குச் சராசரி 833 அடி வேண்டும். அன்டர்வாட்டர் மெட்டீரியா (மெட்டீரியா என்பது ஆயுதத்திலும் கவசத்திலும் மாட்டும் மந்திரக் கல்) கிடைத்துவிட்டால் கெடு கிடையாது. இதுவரை வெளிப்படை. அதன் ஏர் டாம் ஸ்டார்ம் தாக்குதல்தான் விஷயம்: நீங்கள் அணிந்திருக்கும் மெட்டீரியா ஒவ்வொன்றுக்கும் 1,111 அடி. எட்டு அணிந்தால் 8,888, 9,999 உயிரோடு பிழைக்கலாம். ஒன்பது அணிந்தால் 9,999, கதை முடிந்தது. நிறைய மாட்டியவர்தான் முதலில் சாவார். ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் தாக்குதலின் பெயரே மெட்டீரியா என்று வரும். துப்பு கண்ணெதிரே இருக்கிறது. குறும்பு, ஆனால் ஏமாற்று இல்லை.

பெர்சோனா 3இன் எலிசபெத் வேறு ரகம். உங்கள் பெர்சோனா (சண்டைக்கு அழைக்கும் மனவடிவம்) எந்தத் தாக்குதலையாவது தடுத்தாலோ உறிஞ்சினாலோ திருப்பி அனுப்பினாலோ, அவள் 9,999 அடிக்கும் மெகிடோலாவோன் மந்திரத்தைத் தூக்கிப் போடுவாள். ஆட்டம் முழுக்க "தடுக்கும் பெர்சோனாவைத் தேடு" என்று கற்றுக்கொடுத்துவிட்டு, இங்கே அதையே குற்றமாக்குகிறது. செத்த பிறகும் ஏன் செத்தோம் என்று புரியாது. 2ஆம் பதிலின் முதல் கேள்வியில் இவள் தோற்றுப்போகிறாள்.

9. மலேனியா நம்மள அடிச்சா அவளுக்கு ரத்தம் ஏறுது. கேடயம் வச்சாலும் ஏறுது. இதை எப்படி நியாயம்னு சொல்றீங்க?

அடையாளம் இருக்கிறது, முதல் அடியிலேயே உயிர்க்கோடு ஏறுவது தெரிகிறது. வழியும் இருக்கிறது: அடி வாங்காமல் இருப்பது, அல்லது அவள் அடிக்கவே விடாமல் இருப்பது. அவள் நிலை எளிதில் குலையும், கனமான அடிகள் அவளைத் தடுமாற வைக்கும். ரத்தக்கசிவும் உறைபனியும் அவள்மேல் நன்றாக ஏறும். ஆவித் துணைகளைக் கூட்டமாக இறக்காதீர்கள். அவர்கள் மேல் படும் அடியிலும் அவளுக்கு உயிர் ஏறும், நீங்கள் சாப்பாடு போட்டுக் கூப்பிட்ட மாதிரி. நண்பரை அழைத்தால் பாஸின் உயிர் கூடும், ஆவித் துணைக்குக் கூடாது.

சர்ச்சை நீர்ப்பறவை நடனம் என்ற அவளுடைய தொடர் தாக்குதலில்தான். அவள் எழும்பி அந்தரத்தில் ஒரு கணம் நிற்பதுதான் அடையாளம். அந்தக் கணமே திரும்பிப் பார்க்காமல் எதிர்த்திசையில் ஓட வேண்டும். தள்ளி இருந்தால் தப்பலாம். ஒட்டி நின்று அடித்துக்கொண்டிருந்தால் தப்புவது ஏறக்குறைய இல்லை. உறைபனிக் குடுவையை அந்தக் கணத்தில் எறிந்து உறைய வைத்தால் நடனம் நின்றுவிடும், பையில் சில வைத்திருங்கள். எங்கள் தீர்ப்பு: நியாயமான பாஸ், ஒரே ஒரு அநியாயமான தாக்குதல். அருகில் நின்று சண்டை போடச் சொல்லிவிட்டு, அருகில் நின்றதற்காகக் கொல்கிற தாக்குதல் அது. அவளுக்கு வெகு பக்கத்திலேயே கிரேஸ் (செத்தால் மறுபடி தொடங்கும் இடம்) இருப்பதால் நூறு முயற்சியும் தாங்குகிறது.

10. நான் மருந்து குடிக்கிற நேரம் பார்த்துப் பாய்றான். என் பட்டனை கேம் பார்க்குதா?

பல ஆக்‌ஷன் ஆர்பிஜிக்களில் எதிரி உங்கள் செயலுக்கு எதிர்வினை காட்டும்படிதான் செய்திருக்கிறார்கள். குடிக்கத் தொடங்கியதும் பாய்வது அப்படிப்பட்டது. தூரத்தில் போய்க் குடிப்பது பாதுகாப்பு என்ற பழக்கத்தை உடைப்பதற்காக வைத்தது. அவன் பெரிய தாக்குதல் ஒன்றை முடித்துத் தடுமாறும் நேரத்தில், பக்கத்திலேயே நின்று குடியுங்கள். தாளில் "2 அடி" என்று எழுதிய இடத்தில் அடிக்குப் பதில் ஒரு மடக்கு.

11. அஞ்சு கோடி ஹெச்பியாமே, அதெல்லாம் கஷ்டமா, சும்மா இழுத்தடிப்பா?

ஃபைனல் ஃபேன்டசி 12இன் யாஸ்மாட்டைக் கேட்கிறீர்கள். 50,112,254 உயிர். 2006இன் மூலப் பதிப்பில் ஓர் அடிக்கு உச்சவரம்பு 9,999. உச்ச அடியே போட்டாலும் ஐயாயிரத்துக்கு மேல் போட வேண்டும். நடுவில் வெளியே வந்து சேமித்துவிட்டுத் திரும்பலாம் என்பது ஒன்றுதான் புண்ணியம். பின்னால் வந்த சோடியாக் ஏஜ் பதிப்பில் வரம்பும் போனது, ஆட்டத்தை வேகமாக ஓட்டும் வசதியும் வந்தது. கஷ்டம் அதிகம் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை, நேரம்தான் குறைந்தது. இழுத்தடிப்பு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

12. பாஸைவிட பாஸ்கிட்ட போற வழிதான் கொடுமை. அதையும் சேர்த்துக்கணுமா?

கட்டாயம். டார்க் சோல்ஸ் 2இன் ஐவரி கிங் கூடுதல் பகுதியில் லட், சாலன் என்ற இரண்டு மிருகங்களிடம் போக, கண் தெரியாத பனிப்புயலில் நீண்ட தூரம் நடக்க வேண்டும். வழியில் கொம்புள்ள குதிரைகள் புயலுக்குள்ளிருந்து பாயும். சண்டை 4 நிமிடம், நடை 8 நிமிடம் என்று வைத்தால், ஒரு மணி நேரத்தில் 5 முயற்சிதான். நடை இல்லாவிட்டால் 15. கற்கும் வேகமே மூன்றில் ஒன்றாகிறது. இப்படிப்பட்ட இடத்தில் கூட்டாளிகளை அழைத்துப் போவதில் வெட்கமே வேண்டாம்.

13. யூடியூப் பார்த்து ட்ரிக் போட்டு ஜெயிச்சா அது ஜெயிப்பா? ஈஸி மோடு?

ஆட்டம் உங்கள் கையில் கொடுத்த கருவி எதுவானாலும் வெற்றிதான். ஃபைனல் ஃபேன்டசி 10இல் யோஜிம்போ என்ற துணைக்குப் பணம் கொடுத்து, டார்க் வேலிஃபோர் போன்ற டார்க் ஏயானை ஒரே வெட்டில் சாய்ப்பதும் அதில் சேர்த்தி. எமரல்டின் 1,111 கணக்கை யூடியூபில் பார்த்தாலும் மாட்டிக் கழற்றுவது நீங்கள்தான். பொருளை இரட்டிப்பாக்கும் பக் போன்றவை உங்கள் விருப்பம், ஆனால் அதைச் சொல்லாமல் நண்பர்களிடம் பீற்றிக்கொண்டால்தான் பிரச்சினை.

கிளேர் ஆப்ஸ்கியூரில் நடுவிலேயே கடினத்தைக் குறைக்கலாம், பேரி நேரம் தாராளமாகும். ஆனால் அதன் சூப்பர் பாஸ் சைமனிடம் போகும்போது அது மட்டும் போதாது. விழுந்தவர்களை அவன் சண்டையிலிருந்தே அழித்துவிடுவான், எழுப்பிக்கொள்ளலாம் என்ற திட்டம் செல்லாது. மூன்றாம் அங்கத்தில் கிடைக்கும் பெயின்டட் பவர் என்ற அணிகலன், ஓர் அடிக்கு 9,999 என்ற வரம்பை நீக்கும். அதை மாட்டாமல் போகவே வேண்டாம்.

14. பேட்ச் வந்து பாஸை வீக் ஆக்கிட்டாங்க. முன்னாடி ஜெயிச்சவன் முட்டாளா?

2022இல் எல்டன் ரிங்கின் ராடான் ஒரு பேட்ச்சில் (ஆட்டத்துக்கு வரும் திருத்தப் பதிப்பில்) வலுவிழந்தான். அடுத்து வந்த பேட்ச்சில் அதில் ஒரு பகுதி தவறுதலாக நடந்தது என்று சொல்லி, சில அடிகளின் வலுவைத் திரும்பக் கொடுத்தார்கள். ஆகவே எந்தப் பதிப்பில் ஜெயித்தீர்கள் என்பதைச் சேர்த்துச் சொன்னால் வாக்குவாதம் பாதி குறையும். வழிகாட்டிக் காணொளி பார்க்கும்போதும் அதன் தேதியைப் பாருங்கள்.

15. கச்சா கேம்ல டைம் வச்ச பாஸ் வருதே, அதுவும் ஆப்ஷனல்தானே?

பெயரளவில். கச்சா என்றால் கதாபாத்திரங்களைக் குலுக்கலில் எடுக்கும் ஆட்டம். கென்ஷின் இம்பாக்ட்டின் ஸ்பைரல் அபிஸில் 12ஆம் தளத்தில், இரண்டு அணிகளும் சேர்ந்து ஓர் அறையை 180 விநாடிக்குள் முடித்தால்தான் மூன்று நட்சத்திரம். அங்கே கேட்கப்படுவது கைப்பழக்கத்தைவிட அடியின் அளவு, அந்த அளவு பெரும்பாலும் எந்தக் கதாபாத்திரம் குலுக்கலில் விழுந்தது என்பதைப் பொறுத்தது. பரிசோ அடுத்த குலுக்கலுக்கான நாணயம். 3ஆம் பதிலில் சொன்ன பிணை இங்கே பணமாக நிற்கிறது. (அந்த ஆட்டத்தை உலகமெங்கும் வெளியிடும் நிறுவனம் சிங்கப்பூரில் பதிவானது என்பது பலருக்குத் தெரியாது.) 36 நட்சத்திரமும் வேண்டும் என்று பணத்தைத் தொடாதீர்கள். 33இல் நிறுத்தினால் இழப்பு மிகக் கொஞ்சம்.

16. பையன் ஒரே சண்டையை மூணு மணி நேரமா ஆடுறான், சாப்பிடக் கூப்பிட்டா "இப்ப நிறுத்த முடியாதும்மா"ங்கிறான். உண்மையா?

பாதி உண்மை. எல்டன் ரிங் போன்ற ஆட்டங்களில் வழக்கமான இடைநிறுத்தம் இல்லை. ஆனால் ஒரு முயற்சி பெரும்பாலும் 3 முதல் 10 நிமிடம்தான். "இந்த முயற்சி முடிஞ்சதும் வா" என்று சொல்லுங்கள், பத்து நிமிடத்தில் வராவிட்டால் அடுத்ததைத் தொடங்கிவிட்டான் என்று அர்த்தம். நடுவில் மெனுவிலிருந்து வெளியேறினாலும் அந்த முயற்சி மட்டும்தான் போகும், பல மணி நேர உழைப்பு போகாது. தேர்வு நேரமென்றால் எத்தனை மணி என்பதைவிட எத்தனை முயற்சி என்று பேசி வைப்பது எளிது.

வாங்கும் முன் பெட்டியில் உள்ள வகைப்பாட்டையும் பாருங்கள், அம்மா. இங்கே சிங்கப்பூரில் பொது, 16 வயதுக்கு மேற்பட்டோருக்கான அறிவுறுத்தல், எம்18 (18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும்) என்று மூன்று உண்டு. அது வன்முறை, மொழி போன்றவற்றுக்கான அளவுகோல். பாஸ் எவ்வளவு கஷ்டம் என்பதை அது சொல்லாது.

17. அண்ணா, நான் என்எஸ்ல இருக்கேன். சனி ஞாயிறு மட்டும்தான் டைம். எந்த மாதிரி பாஸ் எடுக்கலாம்?

4ஆம் பதிலின் இரண்டாம் வகை, தம்பி. கேள்வித்தாள் மாதிரி இருப்பவை. எமரல்ட், ஒமேகா வெப்பன், ஆன்சுர் எல்லாம் திட்டம் கேட்பவை. முகாமில் படுக்கையில் கிடந்தபடி எந்த மெட்டீரியாவைக் கழற்றலாம், யாரை எங்கே நிறுத்தலாம் என்று யோசித்து வைத்தால் சனிக்கிழமை மாலை இரண்டு மூன்று முயற்சியில் முடியும். மலேனியா, சைமன் மாதிரி கைப்பழக்கம் கேட்பவை ஐந்து நாள் இடைவெளியில் விரலைவிட்டுப் போய்விடும், ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் மணி நேரம் பழையதை மீட்பதிலேயே கழியும். அவற்றை நீண்ட விடுப்புக்கு ஒதுக்கிவையுங்கள். 5ஆம் பதிலில் சொன்ன தாளை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.